மூலையில் உட்கார்ந்திருக்கும் கீபோர்டுக்காரர்

எல்டன் ஜான், பில்லி ஜோயல் பாட்டுகளை வைத்து வெளிநாடுகளில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி நடத்துவார்கள். பின்னால் வரிசையாக வயலின், செல்லோ எல்லாம் இருக்கும். ஆனால் மேடைக்கு நடுவில் பளபளவென்று ஒரு பியானோ. பாடுகிறவர் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். பியானோவை ஓரம் கட்டிவிட்டு வெறும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பாடினால் டிக்கெட் வாங்கினவர்களுக்குக் கோபம் வரும். வாசித்துக்கொண்டே பாடுவதுதானே அந்த ஆட்களின் அடையாளம்!

சென்னையில் அப்படிப்பட்டவர்கள் இல்லையா என்ன? பியானோவுக்குப் பதில் ஹார்மோனியம், அவ்வளவுதான் வித்தியாசம். எம்.எஸ்.விஸ்வநாதன் ஹார்மோனியத்தில் விரலை ஓட்டிக்கொண்டே மெட்டுப் போட்டவர். அந்தக் கரகரத்த குரலில் அவரே பாடியும் இருக்கிறார். 'முகமது பின் துக்ளக்' (1971), 'சொல்லத்தான் நினைக்கிறேன்' (1973) இரண்டையும் கேட்டால் தெரியும். இளையராஜா மேடைக்கு வந்தால் பக்கத்தில் ஹார்மோனியம் இல்லாமல் இருக்காது. ரகுமான் கீபோர்டை வாசித்துக்கொண்டே பாடுவார். மூன்று தலைமுறையிலும் கட்டையும் குரலும் ஒரே ஆளிடம்.

இத்தனைக்கும் ஹார்மோனியத்துக்கு இந்த ஊரில் பெரிய மரியாதை கிடையாது. பாரதியாரே அதைத் திட்டி எழுதியிருக்கிறார். 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடையே போட்டது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. (எம்.எஸ்.வி.யின் பொற்காலம் முழுக்க இந்தத் தடைக்குள்தான் வருகிறது, கவனிக்கவும்!) சபா கச்சேரிகளில் இன்றைக்கும் ஹார்மோனியத்தைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அதே மயிலாப்பூரில்தான், சாய் லாட்ஜில் ஓர் அறையில் இருந்துகொண்டு தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். இளையராஜா அவரிடம் படித்தவர். ரகுமானும்தான். கச்சேரிக்கு மட்டுமே பேர் போன மயிலாப்பூருக்கு இப்படியும் ஒரு பெருமை இருப்பது நிறைய மயிலாப்பூர்வாசிகளுக்கே தெரியாது.

சரி, இப்போது தி.நகரிலோ ஆழ்வார்பேட்டையிலோ ஏதாவது ஒரு ஹாலில் நடக்கும் 'எம்.எஸ்.வி. நைட்', 'ராஜா நைட்' வகையறாவுக்குப் போய்ப் பாருங்கள். நடுவில் கோட்டு போட்ட பாடகர், பட்டுப்புடவையில் பாடகி. தொகுப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஐந்து நிமிஷம் பேசுவார். கீபோர்டுக்காரர் எங்கே? ஸ்பீக்கருக்குப் பின்னால், பாதி முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு மூலையில். வேலை முழுக்க அவர் தலையில்தான். வயலின் கூட்டம் அவர், சித்தார் அவர், ஷெனாய் அவர், கோரஸ் பாடும் பெண்களும் அவரே! எம்.எஸ்.வி.யிடம் மங்களமூர்த்தி அக்கார்டியனில் வாசித்த துண்டுகளையும் இவர்தான் வாசிக்க வேண்டும். கைதட்டல் மட்டும் பாடகருக்குப் போய்விடும்.

செலவுக் கணக்கைச் சொல்வார்கள். நியாயம்தான். பதினைந்து வயலின்காரர்களுக்குச் சம்பளம், ஒத்திகை, சாப்பாடு, வண்டி வாடகை எல்லாம் கொடுத்து நானூறு ரூபாய் டிக்கெட்டில் கட்டுப்படியாகாது. காமர்ஸ் படிக்கிற யாரும் அதோடு சண்டை போட முடியாது. ஆனால் அந்த ஒற்றை ஆளை நடுவில் உட்கார வைக்க எவ்வளவு செலவு ஆகும்? அழைப்பிதழில் அவர் பெயரை அச்சடிக்க எத்தனை ரூபாய்? பாடகர் பெயர், தலைமை தாங்குபவர் பெயர், ஸ்பான்சர் பெயர், ஸ்பான்சரின் மாமனார் பெயர் வரை இடம் இருக்கிறது. 'மற்றும் குழுவினர்' என்பதற்குள் ஒரு ராத்திரி முழுக்க உழைத்தவர் அடங்கிவிடுகிறார்.

2017-ல் இளையராஜா எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. பாட்டு மெட்டுப் போட்டவருக்குச் சொந்தமா, பாடியவருக்கா, படம் எடுத்தவருக்கா என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. வாசித்தவர் என்று ஒருவர் உண்டு என்பது அநேகமாக யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ராஜாவின் பாட்டுகளில் கீபோர்டு வாசித்த விஜி மானுவேல், வயலின் வி.எஸ்.நரசிம்மன், டிரம்ஸ் புருஷோத்தமன் என்று தேடிப் பிடித்து ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஒரு சின்ன கோஷ்டி.

ரகுமான் மட்டும் இதை மறக்கவில்லை என்று தோன்றுகிறது. அப்பா ஆர்.கே.சேகர் 1976-ல் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. பையனும் சின்ன வயதிலேயே மற்றவர்களின் ரெக்கார்டிங்கில் கீபோர்டு வாசிக்கப் போனான். அந்தப் பையன் வளர்ந்து 'சங்கமம்' (1999), 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படங்களில் எம்.எஸ்.வி.யை வரவழைத்துப் பாட வைத்தார். எழுபது தாண்டியவரின் குரலைச் சுத்தம் செய்து இழைக்காமல் அந்தக் கரகரப்போடு அப்படியே விட்டார். ட்ரிப்யூட் என்றால் அது.

அடுத்த முறை எம்.எஸ்.வி. பாட்டுக்கு மேடை போடுகிறவர்கள் ஒரே ஒரு பாட்டுக்காவது கோட்டு போட்டவரை உட்காரச் சொல்லிவிட்டு, கீபோர்டை நடுவுக்கு இழுத்து, அந்த ஆளையே வாசித்துக்கொண்டு பாடச் சொல்லலாம். குரல் கொஞ்சம் பிசிறட்டுமே. எம்.எஸ்.வி.க்கும் பிசிறத்தான் செய்தது.

பி.கு: 'புதிய பறவை' (1964) படத்தில் சிவாஜி பியானோ வாசிக்கும் காட்சியைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த விரல், அந்தத் தோரணை என்று அரை மணி நேரம் பேசுவார்கள். முடித்ததும், நிஜத்தில் அதை வாசித்தது யார் என்று ஒரு கேள்வி போட்டுவிட்டு ஓடி வந்துவிடுங்கள் :-)