சோழியும் கப்பியும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் நெல் மூட்டை இப்போது மின்னணு எடைமேடையில் ஏறுகிறது; எண்கள் ஓடி நிற்கின்றன. தராசு பழசு, எண் காட்டுவது புதுசு என்று நாமும் பேசிப் பழகிவிட்டோம். அனலாக், டிஜிட்டல் கதையையும் இப்படியே சொல்கிறார்கள். இந்த வட்டாரத்து வரலாறு அதற்கு நேர் எதிர்.

எண்ணிக் கணக்கிட்டால் டிஜிட்டல். ஒன்று நடப்பதைப் போலவே இன்னொன்றை நடக்கவிட்டு அதை அளந்தால் அனலாக்.

செஞ்சிக்குத் தென்கிழக்கே புதுச்சேரி. அங்கே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை எண்களாகப் பரப்பி, எண்களைச் சொற்களில் அடக்கிய, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதுகோல் இல்லை, காகிதம் இல்லை. முன்பு சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் அதைத் தம் 'காலசங்கலித' நூலில் பதிந்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிழை சில நிமிடங்கள்தான். முடிவில் முக்கால் மணிக்கு மேல். ஆனாலும் அது சுத்தமான டிஜிட்டல் வேலை!

அரை நூற்றாண்டு கழித்து வந்ததுதான் அனலாக். இந்தியத் துறைமுகங்களின் கடலேற்றத்தை முன்கூட்டிச் சொல்ல 1879இல் எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த பொறியை லண்டனில் லெஜே நிறுவனம் செய்து கொடுத்தது. மூல யோசனை கெல்வின் பிரபுவுடையது. கடலேற்றத்தில் சந்திரன் எழுப்பும் முக்கிய அலைக்கு ஒரு சக்கரம், அதன் சுற்று 12 மணி 25 நிமிடம். சூரியனுடையதற்கு இன்னொன்று, சரியாக 12 மணி. இப்படி ஏறத்தாழ இருபது. அலை எவ்வளவு உயருமோ அதற்கேற்ப ஒவ்வொரு சக்கரமும் நகர்த்தும் கப்பி ஏறி இறங்கும். எல்லாக் கப்பிகளையும் சுற்றிவரும் ஒரே கம்பியின் முனையில் பேனா. பொறியை ஓட்டினால் ஓர் ஆண்டின் கடல் சில மணி நேரத்தில் தாளில் வளைந்து ஓடிவிடும். எந்த இடத்திலும் கூட்டல் போடவில்லை. கம்பியின் நீளமே கூட்டல். எனக்கு இதில் சோழியைவிட வியப்பு அதிகம்.

கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1953இல் சமரேந்திர குமார் மித்ரா செய்த அனலாக் கணினி, கம்பிக்குப் பதில் மின்னழுத்தத்தைக் கொண்டு பத்துச் சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்த்தது.

கப்பிப் பொறிகளோ அதற்குள் ஒரு போரையே பார்த்துவிட்டன. 1944இல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்க ஏற்ற நேரத்தை முடிவுசெய்ய உதவிய கடலேற்றக் கணக்கை, லிவர்பூல் அருகே பிட்ஸ்டனில் கடலேற்ற ஆய்வாளர் ஆர்தர் டூட்சன் போட்டது கெல்வின், ராபர்ட்ஸ் வகைப் பொறிகளில்தான். எந்தக் கடற்கரைக்கான கணக்கு என்பதைக்கூட அவரிடம் சொல்லவில்லை.