வாதம் வேறு, வாரிசுரிமை வேறு

திருநங்கையர் உரிமை குறித்து நாடெங்கும் இரு கருத்துகள் மோதுகின்றன. தம் பால் இன்னதென்று உரைக்கும் உரிமை அவரவர்க்கே உண்டென்பது ஒன்று. படைத்தோன் அளித்த உடலே அதனை முடிவு செய்யும் என்பது மற்றொன்று. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் நமது உச்சநீதிமன்றம் முதற்கருத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. பாகிஸ்தானிலோ, 2018-இல் இயற்றப்பட்ட திருநங்கையர் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் மார்க்கத்திற்கு முரணானவை என்று 2023-இல் ஷரீஅத் நீதிமன்றம் அறிவித்தது.

ஆண், பெண் எனும் வரம்பை விருப்பம்போல் மாற்றிக்கொள்வதை உலமாப் பெருமக்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. இதனை எழுதுவோனின் நிலையும் அதுவே. ஆயினும் நம் இல்லங்களை நோக்கி ஒரு வினா எழுகின்றது. அந்த வாதத்தைக் காரணங்காட்டிப் பெற்ற பிள்ளையை வீட்டைவிட்டு விரட்டவும், சொத்தில் பங்கு மறுக்கவும் நமக்கு அனுமதி தந்தவர் யார்?

இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமுக்கு வரைந்த விரிவுரையில், பெண்மைச் சாயல் இயல்பிலேயே அமையப் பெற்றவரையும், வேண்டுமென்றே அதனை மேற்கொள்பவரையும் பிரித்துரைக்கின்றார்கள். முன்னவர்மீது பழியுமில்லை, பாவமுமில்லை என்பது அவர்களது முடிவு. அவ்வாறிருக்க, நடையிலும் குரலிலும் நளினம் தென்பட்டதற்காகவே பள்ளிச் சிறுவனைப் பரிகசிப்பது எவ்வகையில் தகும்? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாதெனத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்கின்றதே!

இருபாற் குறிகளும் அமையப் பிறந்தோரை ஃபிக்ஹு நூல்கள் 'குன்ஸா' என்று குறிப்பிடுகின்றன. ஜமாஅத்துத் தொழுகையில் சிறுவர் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் இடையே அவர்களுக்கு இடம் வகுத்துள்ளன. பாகப்பிரிவினையிலும் அவ்வாறே. ஒருவர் ஒரு மகனையும், ஆணா பெண்ணா எனத் தெளிவாகாத ஒரு குன்ஸாவையும் விட்டு இறந்தால், ஹனஃபி மத்ஹபின்படி குன்ஸாவுக்கு மூன்றில் ஒரு பங்கு உறுதி. ஷாஃபிஈ மத்ஹபில் அந்த மூன்றில் ஒன்றைக் குன்ஸாவுக்கும், பாதியை மகனுக்கும் தந்து, எஞ்சிய ஆறில் ஒன்றை நிலை தெளியும் வரை நிறுத்தி வைப்பர். எவ்வளவு பங்கு என்பதில்தான் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள். பங்கே இல்லையென்று எவரும் கூறவில்லை.

திருநங்கையர் யாவரும் குன்ஸா அல்லர். உடலில் ஐயமில்லாதவர்க்கு உடலின்படியே பங்கு என்பது சட்டம். தந்தையைக் கொன்றவனுக்கு வாரிசுரிமை இல்லை; மார்க்கம் வேறானாலும் இல்லை. நடையும் உடையும் அந்தத் தடைகளின் பட்டியலில் இல்லை.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் நிலமே பல குடும்பங்களின் சொத்து. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் அதனைத் திருத்தி, நிலத்தையும் ஷரீஅத்தின் கீழ்க் கொணர்ந்தது. ஆகவே காட்டுக்கும் கொல்லைக்கும் அதே நீதிதான்.

உயிரோடிருக்கையிலேயே மற்றப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்து விட்டால் போயிற்று என்று கருதுவோரும் உண்டு. பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கி, அதற்குச் சாட்சியாகுமாறு வேண்டியபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறு கொடுத்தீரா எனக் கேட்டு, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். அண்ணலார் மறுத்த சாட்சியைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தேடலாமா?

தமிழக அரசு 2008-இல் திருநங்கையருக்கென நலவாரியம் அமைத்தது. வாரியம் உதவி தரலாம், தாய்மடி தருமா? லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலாய ஊர்களின் ஜமாஅத்தார் இதனைச் சிந்திக்க வேண்டும். பாகப்பிரிவினைக்கு அமருமுன் விரட்டப்பட்ட பிள்ளை உண்டா என வினவுங்கள். உண்டெனில் அழைத்து வந்து பங்கைக் கையில் கொடுங்கள். அவர் இறந்தால் ஜனாஸாத் தொழுகையும் கபரும் மறுக்காதீர்கள்.

கருத்து வேறுபாட்டின் பெயரால் பிறர் உரிமையைப் பறிக்கும் பாவத்திலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.