தில்லியிலிருந்து வரும் சீமைக் கார்: மலிவா, வினையா?

2015-ல் 84 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஜெர்மன் காரைத் தில்லிவாசி ஒருவர் இரண்டரை லட்சத்துக்கு விற்றுவிட்டார் என்று 2025 ஜூலையில் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. அதைப் படித்த நம்மவர்களில் பலர், 'அடடா, அந்த விலைக்கு இங்கே ஒரு நல்ல பழைய மாருதிகூடக் கிடைக்காதே!' என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். புதிதாக வாங்க எட்டாத காரைப் பழையதாக வாங்கிச் சிக்கனமாக அனுபவிக்கலாம் என்ற ஆசை இன்று மத்தியதர வகுப்பினரிடமும் பரவியிருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் அந்தச் சிக்கனம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் தில்லி விவகாரம். தலைநகரிலும் சுற்றுப்புறத்திலும் 10 வயதைக் கடந்த டீசல் வண்டியும் 15 வயதைக் கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொல்லிற்று. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்த அந்த உத்தரவுக்கு 2025 ஜூலை 1-ந் தேதி உயிர் வந்தது. வயதான வண்டிகளுக்குப் பங்க்கில் பெட்ரோலோ டீசலோ போடக் கூடாது என்றார்கள். ஜனங்கள் போட்ட கூச்சலில் மூன்றாம் நாளே தில்லி சர்க்கார் பின்வாங்கியது. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், வயதை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை, புகைக் கட்டுப்பாட்டில் பி.எஸ். 4-ம் அதற்குப் பிற்பட்ட தரமும் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே என்று சுருக்கிற்று.

தில்லியில் 2010 ஏப்ரலிலிருந்தே பி.எஸ். 4 அமலுக்கு வந்துவிட்டது. ஆகவே 2015-ல் வாங்கிய காருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. பாவம், அவசரப்பட்டு விற்றவர் சில வாரம் பொறுத்திருக்கலாம்! இனி உங்களிடம் ஒரு தரகர் வந்து, "தில்லித் தடை சார், அதனால்தான் சல்லிசு" என்று ஆரம்பித்தால், அவரை ஒரு கேள்வி கேளுங்கள். பாதுகாப்பு உள்ள வண்டி என்றால் எதற்காக அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறார்கள்? பாதுகாப்பு இல்லாத வண்டி என்றால் அது 15 வருஷத்துக்கு மேற்பட்ட கிழம். எப்படிப் பார்த்தாலும் 'சல்லிசு' என்ற சொல்லுக்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது.

போகட்டும், வண்டி நல்லதாகவே இருக்கட்டும். தில்லி ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். வேறு மாகாணத்து நம்பருடன் இங்கே 12 மாதத்துக்கு மேல் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. மறுபதிவு செய்யப் போனால் ஆயுள் வரி கேட்பார்கள். அந்த வரி நீங்கள் கொடுத்த இரண்டரை லட்சத்துக்கு அல்ல. வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்துப் போடுகிற வரி. இங்கேதான் பலருடைய கணக்கு உதைக்கிறது.

இதே வரி, உள்ளூர் வண்டி வாங்குகிறவருக்கு உபகாரமாக முடிகிறது என்பதைக் கவனியுங்கள். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் திருத்திய விகிதப்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 60 லட்ச ரூபாய்க் காருக்கு 12 லட்சம்! அதை முதல் சொந்தக்காரர் கட்டித் தீர்த்துவிடுகிறார். இரண்டாவது ஆசாமி பெயர் மாற்றக் கட்டணத்தோடு தப்பித்துக்கொள்கிறார். இன்ஷூரன்ஸ் கணக்கில் ஐந்தாம் வருஷம் வண்டியின் மதிப்பு பாதியாகிவிடும். தேய்மானத்தின் பெரும் பங்கையும் ஆயுள் வரியையும் முன்னவர் தலையில் விட்டுவிட்டு, மூன்று நாலு வயதுள்ள தமிழ்நாட்டு வண்டியை வாங்குகிறவருக்குத்தான் உண்மையான லாபம் என்பது என் அபிப்பிராயம்.

விலை பேசும்போது இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 வரை பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமும், அதற்கு மேல் 22 சதவீதம் வரை தீர்வையும் இருந்தன. அன்று முதல் எல்லாம் சேர்த்து 40 சதவீதமாயிற்று. புதுக் காரே விலை இறங்கிய பிறகு, பழைய காருக்கு 2024-ன் விலைப்பட்டியலைக் காட்டிப் பேரம் பேசுவது நியாயமாகாது.

இனி பராமரிப்பு. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக் கூடாது என்பார்கள். இங்கே அங்குசமல்ல, யானைத் தீனியே பிரச்னை. வண்டியின் விலை பாதியானாலும் உதிரி பாகங்களின் விலை பாதியாவதில்லை. 60 லட்ச ரூபாய்க் காரின் கியர் பெட்டி, 60 லட்ச ரூபாய்க் காரின் கியர் பெட்டிதான். சீமைக் கார் என்று பெயரே தவிர, பி.எம்.டபிள்யூ. கார்கள் பல 2007 முதல் நம் செங்கற்பட்டுக்குப் பக்கத்திலேயே தயாராகின்றன. ஆனாலும் முக்கியமான பாகங்கள் பல கப்பலேறித்தான் வருகின்றன. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் மிதக்கும் வண்டிகள் மெத்தென்று போகும். அந்தப் பை கிழியும் நாளில் பர்ஸும் கிழியும். பஞ்சரானாலும் ஓடும் டயரைப் போட்டு, ஸ்டெப்னியே இல்லாமல் விற்ற ரகங்களும் உண்டு. வாங்கும் விலைக்கு மேல் ஒரு தொகையை ரிப்பேருக்கென்று ஒதுக்க முடியாதவர்கள் ஆசையை ஒத்திப்போடலாம்.

சென்னைவாசிகளுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறும். இருக்கைகளுக்கு அடியில் உள்ள மின்சார இணைப்புகள் மெதுவாகத் துருப்பிடித்து, மாதக்கணக்கில் கழித்துத் தொல்லை கொடுக்கும். பாலிஷ் போட்ட மேல்தோலைப் பார்த்து மயங்காமல், சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் தங்கும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. கை மாறி கை மாறிப் போன ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 29, 30 நம்பர் பாரங்களில் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்தால் போதாது. பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறிற்றா என்று விசாரியுங்கள். பாங்க் கடன் இருந்தால் 35-வது பாரமும் வேண்டும். வாங்கியவர் இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிப் போட வேண்டும்.