கடிதம் வராத வயது

ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போகும் காலை. கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சேலை உடுத்திவிட்டபோதுதான் கண்டேன். இடது மார்பில் ஒரு பள்ளம், தோலை உள்ளே இருந்து ஆரோ இழுத்துப் பிடித்த மாதிரி.

"இது என்னம்மா?"

"கனநாளா கிடக்குது பிள்ளை. நோகேல்லை. நோகாட்டி ஏன் டொக்டர்?"

அம்மாவுக்கு 74 வயது. முந்தி இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மமோகிராபிக் கடிதம் வரும், போய்வருவா. 70க்குப் பிறகு வரவில்லை. "இந்த வயசில அது வராதாக்கும் எண்டு நினைச்சன்" என்றா.

கடிதம் நிற்கிறது, நோய் நிற்பதில்லை. ஜேர்மனியில் மார்புப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் சராசரி வயதே 65 அளவில்தான். அழைப்பு 50 முதல் 69 வரை என்றிருந்தது; 2024 ஜூலை 1 முதல் 75 வரை பரிசோதனைக்குப் போகலாம். ஆனால் அது தொடங்கியபோது, 70 கடந்தவர்கள் தாங்களே கேட்டுப் பதிய வேண்டியிருந்தது. எங்கள் அம்மாமார் எங்கே கேட்பது?

12 வயதிலிருந்து அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். இந்த முறை டொக்டர் சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு, "ஒரு கட்டி, எடுக்கவேணுமாம்" என்றேன். அம்மா என்னைப் பார்த்தா. "கிரெப்ஸ் எண்டு சொன்னவர். எனக்கு விளங்கும். எத்தனை வருசம் எண்டு கேளாத. பிறகு தனியக் குளிக்கேலுமோ எண்டு கேள்."

டொக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. வயதான பெண்களுக்கு வருவது பெரும்பாலும் ஹோர்மோனைச் சார்ந்து மெல்ல வளரும் வகை. மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்றார். எல்லாருக்கும் அப்படியில்லை, பிந்திக் கண்டுபிடித்தால் அந்த நன்மையும் குறைந்துவிடும். சிகிச்சையை வயது மட்டும் தீர்மானிக்கக் கூடாது. இருதயம், சிறுநீரகம், நடை, ஞாபகம், மற்ற மாத்திரைகள் எல்லாம் பார்க்கவேணும் என்றும் சொன்னார். அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. கீமோ தேவைப்படவில்லை. இப்போது பிரஷர் குளிசையோடு இன்னொரு குளிசை. தனியத்தான் குளிக்கிறா.

இந்தச் சனிக்கிழமை உங்கள் அம்மாவிடம், மாமியிடம் கேளுங்கள். கட்டி, பள்ளம், முலைக்காம்பில் மாற்றம், கசிவு எதுவாயினும் மமோகிராபிக்குக் காத்திராமல் நேரே பெண்கள் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவர் வருசாவருசம் கையால் பார்க்கும் பரிசோதனைக்கு மேல்வயது எல்லை கிடையாது. 80 வயதிலும் போகலாம்.

மொழிபெயர்க்கப் போனால், சொல்லை விழுங்காதீர்கள். அவர்களுக்கு விளங்கும்.