நுரையீரல் அறுவைக்குப் பின் இதயத்தையும் கவனியுங்கள்

நுரையீரல் புற்றுநோய்க்கு நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ அறுவை சிகிச்சை முடிந்து ஆரல்வாய்மொழிக்குத் திரும்புகிறவரிடம், தையல் ஆறிவிட்டதா, கட்டி முழுவதும் போய்விட்டதா என்றுதான் ஊரார் விசாரிக்கிறார்கள். இதயம் எப்படி இருக்கிறது என்று கேட்பார் இல்லை. ஆனால் இழந்த நுரையீரலின் சுமை இதயத்தின் வலப்பக்கத்தில்தான் ஏறுகிறது. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புவது வலக் கீழறை. குறைந்த அழுத்தத்துக்கே பழகிய அந்த அறையின் சுவர் மெல்லியது. நுரையீரலின் ஒரு மடலை எடுத்துவிட்டால் அத்தனை ரத்தமும் மிச்சமிருக்கும் குழாய்களில் போயாக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அவை விரிந்து கொடுத்துச் சமாளித்துவிடும். அதனால் எக்கோவிலும் பெரும்பாலும் குறை தெரியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் ஆடிக் காற்றை எதிர்த்து சைக்கிள் மிதித்தால்தான் மூச்சு இரைக்கும். போதாக்குறைக்கு, மடல் எடுத்தவர்களில் சுமார் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு, பெரும்பாலும் 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையே, நாடித்துடிப்பு தாறுமாறாகிறது. ஒரு பக்க நுரையீரலையே எடுத்தவர்களிடம் இது இன்னும் அதிகம்.

புற்றுநோய் காத்திருக்காது, இதயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அவசரம் நியாயமானதுதான். ஆனால் பீடியும் சிகரெட்டும் நுரையீரலை மட்டும் கெடுத்துவிட்டு இதயத்தைச் சும்மா விடுவதில்லை. ஈசிஜி, எக்கோ, மாடிப்படி ஏறும் சோதனை ஆகியவற்றுக்கு வாரக்கணக்கு வேண்டாம். நிற்காமல் 22 மீட்டர் உயரம், அதாவது ஆறேழு மாடி, ஏறிவிடுகிறவருக்கு அறுவையின் ஆபத்து குறைவு என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல். இதயத்தைப் பற்றிப் பேசினால் நோயாளி பயந்து அறுவையையே தள்ளிப்போடுவார் என்பது இன்னொரு வாதம். தொடக்க நிலையில் குணமாக்கும் முதன்மையான வழி அறுவைதான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. எவ்வளவு வெட்டுவது என்பதுதான் கேள்வி. 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி உள்ள 1,106 பேரிடம் ஜப்பானில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. முழு மடலை எடுத்தவர்களில் 91.1 சதவீதம் பேரும், மடலின் ஒரு கூறை மட்டும் எடுத்தவர்களில் 94.3 சதவீதம் பேரும் ஐந்தாண்டுகள் வாழ்ந்தார்கள். குறைவாக வெட்டியவர்களுக்கு அதே இடத்தில் புற்று திரும்புவது கூடுதலாக இருந்தும், வேறு காரணங்களால் இறந்தோர் குறைவு. மிச்சம் பிடித்த நுரையீரல் ஆயுளுக்கு உதவுகிறது என்று எண்ண இது இடம் தருகிறது.

வீடு திரும்பியவரின் இதயத்தைத் தொடர்ந்து கவனிக்கப் பணமும் ஆளும் எங்கே என்று கேட்கலாம். பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் ஏற்கெனவே வீடு தேடி வருகின்றன. அதே பணியாளர் நாடியையும் கால் வீக்கத்தையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். அதற்கு அவர் கையில் ஒரு குறிப்பு வேண்டும். எந்த இதய மாத்திரையை நிறுத்தக் கூடாது, அடுத்த ஈசிஜி எப்போது, என்ன தொந்தரவு வந்தால் உடனே வர வேண்டும் என்ற மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழில் எழுதிக் கொடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.