எண்ணிக்கை ஆய்வாளரை அளக்காது

ஒரு நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், அவருடைய எச்-இண்டெக்ஸ் எவ்வளவு? இவை தெரிந்தால் ஆளின் தரமும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை தேர்வுக் குழுக்களில் வேரூன்றிவிட்டது. நம் நாட்டுக் கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். அமைப்பும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணி மதிப்பெண்ணில் சேர்க்கிறது. இந்த நம்பிக்கை தவறு. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஒழுங்குபடுத்தும் டி செல்களின் வரலாறு ஒன்றே அதைக் காட்டப் போதும்.

1. ‘அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு சரியாகத்தான் இருக்கும்.’

1970களில் நோயெதிர்ப்பை அடக்கும் ‘சப்ரசர் டி செல்’ பற்றிக் கட்டுரைகள் குவிந்தன. ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியபடியே துறை வளர்ந்தது. அந்தச் செல்களுக்கு அடையாளமாக ஐ-ஜே என்ற மரபணு எலியின் குரோமோசோமில் குறிப்பிட்ட ஓரிடத்தில் இருப்பதாக நம்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்த இடத்தின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது அப்படியொரு மரபணுவே அங்கு இல்லை என்று தெரிந்தது. துறையே சரிந்தது. ஓர் ஆய்வு எவ்வளவு கவனிக்கப்பட்டது என்பதை மேற்கோள் எண்ணிக்கை காட்டும். அது உண்மையா என்பதைக் காட்டாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998இல் ‘லான்செட்’ இதழில் வந்து, 2010இல் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது, பெரும்பாலும் மறுப்பதற்காக. கணக்கில் மறுப்பும் பாராட்டும் ஒன்றாகவே சேர்கின்றன.

2. ‘நல்ல ஆய்வு பெரிய இதழில் வரும், உடனே பேசப்படும்.’

சரிந்த துறையைப் பெரும்பாலோர் கைவிட்ட பிறகும் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி விடவில்லை. சிடி25 என்ற அடையாளம் கொண்ட டி செல்களை நீக்கிவிட்டு, எஞ்சிய டி செல்களைத் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். அந்த எலிகளின் உடல் தன்னையே தாக்கத் தொடங்கியது. நீக்கியவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. அவையே ஒழுங்குபடுத்தும் டி செல்கள். 1995இல் இது வெளியானது ‘ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி’ என்ற துறை இதழில். அப்போதும் பலர் நம்பவில்லை. அந்தச் சந்தேகம் அடங்க ஆண்டுகள் ஆயின.

இப்படி நடந்தது இது முதல் முறை அல்ல. கோழியின் பர்சா என்ற உறுப்பை நீக்கினால் ஆன்டிபாடி உருவாவது குன்றுகிறது என்று ஓஹியோவில் புரூஸ் கிளிக்கும் திமோதி சாங்கும் கண்டார்கள். ‘சயன்ஸ்’ இதழ் அதை மறுத்தது. 1956இல் கோழி வளர்ப்பு அறிவியலுக்கான ‘போல்ட்ரி சயன்ஸ்’ இதழில்தான் அது அச்சேறியது. ஆன்டிபாடி உருவாக்கும் பி செல்களைப் பற்றிய இன்றைய அறிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இதழின் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் இந்த இருவரையும் தாண்டிப் போயிருப்பார்.

3. ‘நிறைய எழுதுபவரே பெரிய ஆய்வாளர்.’

சகாகுச்சியுடன் பரிசைப் பகிர்ந்த மேரி பிரன்கோ பேராசிரியர் அல்ல. சியாட்டில் அருகே ஒரு மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில், மூன்றாவதாகப் பரிசைப் பகிர்ந்த ஃபிரெட் ராம்ஸ்டெல்லுடன் பணியாற்றியவர். ‘ஸ்கர்ஃபி’ என்ற நோயுற்ற எலிகளில் எந்த மரபணு பழுதானது என்று தேடினார்கள். ஏறத்தாழ 5 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்குள் 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கடைசியான இருபதாவதில் பழுதைக் கண்டார்கள். 2001இல் வெளிவந்த அந்தக் கண்டுபிடிப்புதான் ஃபாக்ஸ்-பி3. ஒழுங்குபடுத்தும் டி செல்களை ஆள்வது அதுவே என்று 2003இல் தெளிவானது. இத்தகைய தேடலுக்குப் பொறுமை வேண்டும். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கேட்கும் முறை அந்தப் பொறுமையைத் தண்டிக்கிறது.

4. ‘எண்ணுக்குப் பாரபட்சம் இல்லை.’

2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எச்-இண்டெக்ஸின் கணக்கைப் பாருங்கள். ஒருவரின் எத்தனை கட்டுரைகள் தலா குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றனவோ, அதுவே அவருடைய எண். மூன்றே கட்டுரை எழுதியவருக்கு, ஒவ்வொன்றும் பத்தாயிரம் மேற்கோள் பெற்றாலும், எண் மூன்றுதான். பெரிய குழுவில் பெயர் சேர்த்துக்கொண்டவருக்கும் இரவு பகலாகச் சோதனை செய்தவருக்கும் ஒரே மதிப்பு. வயது கூடக்கூட எண் ஏறுமே தவிர இறங்காது. குழந்தை பெற்றுச் சில ஆண்டு விலகியிருந்த பெண் ஆய்வாளர் அந்த இடைவெளிக்காகப் பின்தங்குகிறார்.

5. ‘விண்ணப்பங்கள் குவியும்போது வேறு வழி இல்லை.’

இந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஒரு கருத்து எப்படிப் பரவியது என்று அறியவும் மேற்கோள்கள் பயன்படும். ஆனால் வேறு வழி இருக்கிறது. இதழின் சராசரி மேற்கோளைக் காட்டும் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் டோரா பிரகடனத்தை வகுத்தார்கள். விண்ணப்பிப்பவர் தம் சிறந்த மூன்று கட்டுரைகளைத் தரட்டும்; அவற்றில் தாம் செய்தது என்ன என்று எழுதட்டும். துறை அறிந்த இருவர் அவற்றை முழுதாகப் படிக்கட்டும். படிக்க நேரமில்லாத குழுவுக்கு ஓர் ஆய்வாளரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் இல்லை.