கார் கொதித்தால் கலங்காதீர்கள்!



இம்மாதம் நாம் பார்க்கப் போவது அடுப்படி விஷயமல்ல. வாசலில் நிற்கும் காரைப் பற்றியது. "அதை ஆம்பிளைகள் பார்த்துக் கொள்வார்கள்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். வீட்டுக்காரர் கத்தாரிலோ சவூதியிலோ இருக்க, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் பல வீடுகளில் பெண்கள் பொறுப்பாகி விட்டது. கார் ஓட்டத் தெரியாதவர்களும் பிள்ளைகளை மடியில் வைத்துக் கொண்டு அதே காரில்தான் போகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டோடு தொடர்புள்ள குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் குடியேறினார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் திரும்பி வந்தாலும், இன்றும் பல குடும்பங்களுக்கு ஒரு கால் சோனகத் தெருவிலும் மறு கால் புத்தளத்திலும்தான். கலியாணம், மையித்து, பெருநாள் என்று ஏ 9 வழியாகவோ, மன்னார், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாகவோ பல மணி நேரம் ஓட வேண்டியிருக்கிறது. பூநகரி வெளியில் நடுப்பகலில் கார் கொதித்து நின்றால் என்ன செய்வது? அங்கே நின்று யோசிப்பதை விட, முதல் நாளே வீட்டு முற்றத்தில் காரைச் சோதித்து விடுவது நல்லதல்லவா?

எஞ்சின் எப்படிக் குளிர்கிறது?

எஞ்சினுக்குள் பெற்றோல் எரியும்போது வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டுகிறது. மிச்சம் புகையோடும், எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரோடும் வெளியேற வேண்டும். இந்தத் தண்ணீரைச் சுற்றி ஓடச் செய்வது வாட்டர் பம்ப். அதை ஆற வைப்பது முன்பக்கத்திலுள்ள றேடியேற்றர். கார் நிற்கும்போது காற்றை இழுத்துக் கொடுப்பது ஃபான். தண்ணீர் சூடாகும் வரை றேடியேற்றருக்குப் போகாமல் தடுத்து, 80 பாகைக்கு மேல் வழி விடும் சிறு கதவு தெர்மோஸ்டாட். இவற்றில் எது பழுதானாலும் எஞ்சின் கொதிக்கக் கூடும்.

கொதிக்கும் எஞ்சினை "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் எஞ்சினின் மேல் பாகமாகிய ஹெட் வளைந்து போகும். ஒரு சிறு குழாயில் தொடங்கிய நோய், எஞ்சினையே கழற்றும் வைத்தியத்தில் போய் முடியும். 2020 முதல் 2025 தொடக்கம் வரை இலங்கையில் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், பழைய கார்களின் விலை எங்கே போனது என்பது உங்களுக்குத் தெரியும். இருப்பதைக் காப்பாற்றுவதே புத்தி.

முதல் சட்டம்: மூடியைத் தொடாதீர்கள்

பிறஷர் குக்கர் பாவிக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆவி போவதற்கு முன் குக்கர் மூடியைத் திறப்போமா? றேடியேற்றரும் அப்படித்தான். அடைத்து வைத்த அழுத்தத்தில் அதன் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அது ஆவியாகச் சீறி முகத்திலும் கையிலும் அடிக்கும்.

ஆகவே மீற்றர் முள் சிவப்புக்குப் போனாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஏசியை நிறுத்தி ஓரமாக நிறுத்துங்கள். காரில் ஹீட்டர் இருந்தால், ஓரங்கட்டும் வரை அதை முழுதாகப் போடுங்கள். புழுக்கமாக இருந்தாலும் எஞ்சினின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துக் கொள்ளும். பிறகு எஞ்சினை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கி, வீதியை விட்டுத் தள்ளி நிழலில் இருத்துங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். லைட் ஏஸ், ஹயஸ் போன்ற வான்களில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆவி வரும்போது அந்தச் சீட்டைத் தூக்காதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. சூடான கண்ணாடிக் குவளையில் குளிர் தண்ணீர் பட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இரும்புக்கும் ஆகும்.

யாருக்காவது சூடு பட்டு விட்டால், வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, நெய் எதுவும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். சுவசெரிய இலவச அம்புலன்ஸின் இலக்கம் 1990.

எப்போது கொதிக்கிறது?

டொக்டர் முதலில் கேட்பது "காய்ச்சல் எப்போது வருகிறது?" என்பதுதான். காருக்கும் அதே கேள்வி.

ரயில் கடவையிலும் பட்டணத்து நெரிசலிலும் நிற்கும்போது முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், ஃபானைச் சந்தேகியுங்கள். ஓடும்போது காற்றுத் தானாக வருகிறது. நிற்கும்போதுதான் ஃபான் தேவை.

பட்டணத்தில் ஒன்றுமில்லை, ஏ 9இல் வேகமாக ஓடும்போது மட்டும் ஏறுகிறதா? றேடியேற்றர் உள்ளே அடைபட்டிருக்கலாம். அல்லது வாட்டர் பம்ப் போதிய தண்ணீரை அனுப்பவில்லை.

ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே ஏறினால், தண்ணீர் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கி விட்டது.

முள் மேலே போய்ச் சட்டென்று கீழே விழுந்தால் "அல்ஹம்துலில்லாஹ், சரியாகி விட்டது" என்று எண்ணி விடாதீர்கள். சூட்டை அளக்கும் கருவியைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் போனாலும் முள் விழும். அது மிக மோசமான அறிகுறி.

காலையில் செய்யும் சோதனை

சுபஹுத் தொழுது தேத்தண்ணீர் குடித்த பின், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் நேரத்தில் இவற்றைப் பாருங்கள்.

1. இரவில் காருக்கு அடியில் ஒரு காட்போட் மட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் பச்சை, சிவப்பு, ரோஸ் நிறத்தில் வழுவழுப்பான ஈரம் இருந்தால் குளிர்நீர் ஒழுகுகிறது. நிறமும் மணமும் இல்லாத வெறும் தண்ணீரானால் அது ஏசியின் தண்ணீர், பயமில்லை.

2. வெள்ளை பிளாஸ்டிக் தாங்கியில் இரண்டு கோடுகள் இருக்கும். குளிர்ந்த நேரத்தில் தண்ணீர் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். றேடியேற்றருக்குத் தனி மூடி இருந்தால் அதையும் இப்போது திறந்து பாருங்கள். தாங்கி நிறைந்திருக்க றேடியேற்றர் காலியாக இருப்பதும் உண்டு. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

3. மேலும் கீழும் உள்ள பெரிய ரப்பர் குழாய்களை அமுக்குங்கள். பஞ்சு போல் இளகியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, இணைப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ மாற்ற வேண்டும்.

4. பெல்ட் தளர்ந்து, ஓரம் பிய்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது அந்த பெல்ட்தான்.

5. றேடியேற்றரின் முகத்தைப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் தூசியும் பூச்சிகளும் அடைத்திருந்தால் காற்றுப் போகாது. மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று அந்த மெல்லிய தகடுகளைத் தின்று விடும். தொட்டால் உதிர்ந்தால் றேடியேற்றருக்கு வயதாகி விட்டது.

6. எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபான் சுழல வேண்டும். முந்தானை, பர்தா, கை எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் ஃபான் தானாகச் சுழலக் கூடும்.

7. ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலக்கிறது. எங்கும் ஒழுகாமலே தண்ணீர் குறைவது, சூடேறிய பின்னும் சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு மணத்தோடு வருவது, தாங்கியில் விடாமல் குமிழி எழுவது ஆகியவை ஹெட் காஸ்கெட் போனதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காரை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

கேத்தல் சொல்லும் பாடம்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் சுண்ணக்கல்லில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரில்தான். மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டு வருகிறது. காய்ச்சினால் அது பிரிந்து படிகிறது. உங்கள் கேத்தலுக்குள் எட்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். பொருக்குத் தடிக்கத் தடிக்கக் கேத்தல் கொதிக்க அதிக நேரம் எடுக்கிறதல்லவா? சூடு அந்தப் பொருக்கைத் தாண்டிப் போக முடிவதில்லை.

றேடியேற்றரில் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் இதேதான் நடக்கிறது. கேத்தலுக்குள் சூடு போக முடியாதது போல, எஞ்சினிலிருந்து சூடு வெளியே வர முடியாது. றேடியேற்றரின் சிறு குழாய்களும் அடைத்து விடும். தீவுப் பகுதியிலும் கரையோரங்களிலும் கிணறு உவர்ப்பாக இருந்தால், பொருக்கோடு துருவும் சேர்ந்து கொள்ளும்.

ஆகவே கார்க் கம்பனி சொல்லும் கூலன்ட்டையே ஊற்றுங்கள். அடர்த்தியான கூலன்ட் வாங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்குங்கள். அவசரத்துக்குச் சுத்தமான மழைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரை விட நல்லது. வழியில் வேறு எதுவும் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரும் ஆகும். எஞ்சின் வறண்டு ஓடுவதை விட அது மேல். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாற்றி விட வேண்டும். கேத்தலுக்கு விடுகிற வினாகிரியை றேடியேற்றருக்கு விடாதீர்கள். இன்றைய றேடியேற்றர் அலுமினியம், அரித்து விடும்.

நம் வாப்பாமார் காலத்து ஒஸ்டின் ஏ 40, மொரிஸ் மைனர் கார்களில் செம்பும் பித்தளையுமான றேடியேற்றர் இருந்தது. ஓட்டை விழுந்தால் ஈயம் பற்ற வைத்து ஓட்டினார்கள். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் அரிதானபோது, சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அது முடிந்தது. ஆனாலும் எஞ்சின் இடிக்கும், சூடேறும், எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அந்தக் கார்களை, காதாலும் மூக்காலும் கவனித்தே காப்பாற்றினார்கள். காதும் மூக்கும் நமக்கும் இருக்கின்றனவே!

இரண்டு எச்சரிக்கைகள்

"இது சூடான நாடு, தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றி எறிவோம்" என்று சிலர் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமெடுத்து எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, கொதிப்பு இன்னும் கூடும். பழுதென்றால் புதிது போடச் சொல்லுங்கள்.

அடுத்தது, இதைவிட முக்கியம். பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எதிலீன் கிளைக்கோல் கொடிய நஞ்சு. அதன் சுவையோ இனிப்பு. நிறமோ சர்பத்தைப் போல. சிறிதளவு குடித்தாலும் பிள்ளையின் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். அதன் சொந்தக் கலனிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். நிலத்தில் சிந்தியதை உடனே கழுவுங்கள். தவறிக் குடித்து விட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், அந்தக் கலனையும் எடுத்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கராஜுக்குப் போகும் முன்

ஒரு துண்டுக் கடதாசியில் இவற்றை எழுதிக் கொள்ளுங்கள்: நிற்கும்போது கொதிக்கிறதா, ஓடும்போதா? எத்தனை நாளில் எவ்வளவு தண்ணீர் குறைகிறது? மட்டையில் ஈரம் எந்த நிறம், எந்தப் பக்கம்? ஃபான் சுழல்கிறதா? ஒயில் என்ன நிறம்? கடைசியாக என்ன தண்ணீர் ஊற்றினோம்?

இந்தக் கடதாசியோடு போகும் பெண்ணிடம் "எஞ்சின் முழுக்கச் செய்ய வேண்டும் தங்கச்சி" என்று எடுத்த எடுப்பில் யாரும் சொல்லத் தயங்குவார்கள். நேர்மையான மெக்கானிக்குக்கோ அது பாதி வேலையை முடித்துக் கொடுத்தது போல. மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

அடுத்த பயணத்துக்குச் சோற்றுப் பார்சல் கட்டும்போது, ஐந்து லீற்றர் சுத்தமான தண்ணீரையும் ஒரு தடித்த துணியையும் காரின் பின்னால் வைக்க மறவாதீர்கள். பயணம் இலேசாகட்டும், சகோதரிகளே. இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.